ஓர் அரவு குறைகிறது

அத்தியாயம் 5

கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துவதில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு துயரத்தோடு படியேறுகிறவருக்கும் மேலே வந்து சேர்வதற்குள் பசி எடுத்துவிடும். பசித்தவர் உண்மையை மறைக்கமாட்டார் என்பது துப்பறிவாளர் கொன்ஸ்ரன்ரைனின் கொள்கை. அன்று காலை வந்த துஷாந்தினிக்கு மட்டும் பசிக்கவில்லை. கொன்ஸ்ரன்ரைன் மீன் வைத்த தன்னுடைய மாலுபாணில் பாதியைப் பிய்த்து நீட்டினார். அவள் அதைப் பார்க்கவேயில்லை. விஷயம் பெரிது என்று உதவியாளர் அர்பாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கொன்ஸ்ரன்ரைன் சேர் மாலுபாணைப் பங்குபோட்டு அவள் கண்டதில்லை.

துஷாந்தினி வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்தாள். அன்று பின்னேரம் அவளுக்கு எழுத்து. பதிவாளர் வீட்டுக்கே வந்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்காரவைத்து, புத்தகத்தில் கையெழுத்து வாங்குகிற சடங்கு அது. வாழைமரம் கட்டியாயிற்று, பலகாரம் சுட்டாயிற்று, மாப்பிள்ளையைத்தான் காணவில்லை. திலக்ஷன் என்று பெயர். நுகேகொடைக்குப் போய்ச் சப்பாத்து எடுத்துவருகிறேன் என்று விடியக் கிளம்பியவன், இடையில் ஒரேயொரு செய்தி அனுப்பினான். அதன் பிறகு அவனுடைய போன் செத்துப்போய்விட்டது.

பொலிஸுக்குப் போனாளாம். வளர்ந்த ஆம்பிளைதானே, நாளை வரைக்கும் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். வீட்டில் அப்பா தயாபரனுக்கு அந்தப் பொறுமையும் இல்லை. தான் அச்சடித்த அழைப்பிதழில் மாப்பிள்ளை பிழை பிடித்த நாளிலிருந்தே அவருக்கு அவனைக் கண்ணில் காட்டக்கூடாது. பதிவாளர் வருகிற நேரம் மாப்பிள்ளை கதிரையில் இல்லையென்றால் அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன், அத்தோடு இந்தச் சம்பந்தம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

"அவர் ஓடுற ஆளில்ல. அவருக்கு ஏதோ நடந்திருக்கு" என்று துஷாந்தினி தன் போனை நீட்டினாள்.

திரையில் ஒரே ஒரு சொல் இருந்தது. 'அபயம்.'

"அபாயம்னு அடிக்கப் போய், அவசரத்துல ஒரு அரவு விட்டுப்போயீக்கி" என்றாள் அர்பா. பானாவைப் பாவன்னா ஆக்குவதற்குப் பக்கத்தில் போடுகிற கோட்டுக்குக் கொழும்புப் பள்ளிக்கூடங்களில் அரவு என்றுதான் பெயர். அரவு என்றால் பாம்பு என்றும் அதே பள்ளிக்கூடத்தில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே பாம்பு ஒன்று குறைவது நல்லதுதானே என்றொரு பகிடி அவள் நாக்கின் நுனிவரை வந்தது. துஷாந்தினியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள்.

கொன்ஸ்ரன்ரைன் மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பிழை திருத்துகிறார், புரூவ் பார்க்கிறார் என்று பதில் வந்தது. சேருடைய கண்கள் விரிந்தன.

"எப்பவாவது எழுத்துப் பிழை விட்டிருக்கிறாரோ?"

"நான் அவருக்கு முதல்முதலா அனுப்பின காதல் மெசேஜையே திருத்தித்தான் திருப்பி அனுப்பினவர். ரெண்டு ஒற்று விட்டிட்டனாம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "கீழ, எனக்கும் அப்படித்தான் எண்டு எழுதியிருந்தவர்."

கொன்ஸ்ரன்ரைன் மிச்ச மாலுபாணை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். புரூவ் பார்க்கிறவன் உயிர் போகிற நேரத்திலும் அரவு விடமாட்டான், ஆகவே இது அபாயம் இல்லை, அபயமேதான், அபயம் என்பது ஓர் இடம், அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் ஆளையும் கண்டுபிடித்துவிடலாம் என்று படியிறங்கிக்கொண்டே விளக்கினார். அர்பாவுக்கு இந்த மாதிரி விளக்கங்கள் பழக்கம். பாதி நாட்களில் சரியாக இருக்கும். மீதி நாட்களில் இவ்வளவு அழகாக இருக்காது.

அர்பாவின் வாப்பா விட்டுப்போன மூன்று சில்லுத் திறீவீல்தான் நிலையத்தின் ஒரே வாகனம். அதில் மூவரும் மட்டக்குளிக்குப் போய், திலக்ஷன் வாடகைக்கு இருந்த அறையைத் திறந்தார்கள். அர்பா வாசலிலேயே நின்றுவிட்டாள். நான்கு சுவரிலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். கூரை போன ஆலைகள், கதிரைகள் கழற்றப்பட்ட தியேட்டர், புல் முளைத்த களஞ்சியம். ஆட்கள் ஒருவரும் இல்லை. கைவிடப்பட்ட கட்டடங்களைப் படமெடுப்பதுதான் அவனுக்குப் பைத்தியம் என்று துஷாந்தினி சொன்னாள். போன மாதம் ஒரு பழைய ஆலையில் படி உடைந்து கால் பிரண்டதும், எழுத்து முடியும்வரை எந்தப் பாழ் கட்டடத்துக்கும் போவதில்லை என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

அர்பா குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். நுகேகொடைக் கடையின் பெட்டிக்குள் புதுச் சப்பாத்து பளபளவென்று இருந்தது.

"சப்பாத்து எப்பவோ வந்துட்டு" என்றாள். "மாப்பிள்ளைதான் வரல்ல."

துஷாந்தினி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகையை விடக் கோபம்தான் முதலில் வந்தது. அர்பாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. கோபம் இருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறாள் என்றுதானே பொருள்.

அறையில் சிவப்புப் பேனா படாத பொருளே இல்லை. நாட்காட்டியில் ஒரு பண்டிகையின் பெயர் திருத்தப்பட்டிருந்தது. மிக்சர் பைக்கற்றில் 'காரம்' சரியாக்கப்பட்டிருந்தது. நிலத்தில் விரித்த பத்திரிகைத் தாளில் டின் ஒன்று வைத்த வட்டமும் வெள்ளைப் பெயின்ற் தீற்றலும் இருந்தன. கலியாண வீடல்லவா, அறைக்கு வெள்ளையடிக்கிறார் போலிருக்கிறது என்று கொன்ஸ்ரன்ரைன் சொல்லிவிட்டுக் கடந்து போனார். அர்பா சுவரைப் பார்த்தாள். சுவர் நீலம். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சேர் ஒரு படத்தின் முன்னால் நின்று பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டார். அந்தக் கண்ணாடி கண்ணில் ஏறிவிட்டால் அவருக்குக் காது கேட்காது.

பெரிய கூடம் ஒன்றின் படம் அது. உயரத்தில் நெடிய ஜன்னல்கள் வரிசையாக இருந்தன. அவற்றிலிருந்து காலை வெயில் சாய்ந்து இறங்கி, ஓர் இரும்புக் கதவின்மேல் போய் விழுந்தது. கதவில் மும்மொழிப் பலகை. சிங்களம் சரி, ஆங்கிலம் சரி. தமிழில் மட்டும் 'அபயம்' என்று எழுதியிருந்தது. உயிர் போகும் இடம் என்று எச்சரிக்க வேண்டிய பலகை, வா மகனே அடைக்கலம் தருகிறேன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. படத்தின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஓர் அரவு.

"கவர்மண்ட் போட்ல தமிழ் சரியா ஈந்தாத்தான் சேர் நாங்க சந்தேகப்படணும்" என்றாள் அர்பா.

துஷாந்தினிக்கு அந்த இடத்தைத் தெரிந்திருந்தது. ஆற்றோரமாக மூடிக்கிடக்கும் பழைய மின்நிலையம். சீக்கிரத்தில் இடிக்கப்போகிறார்களாம். கொள்ளுப்பிட்டியில் அடுத்த மாதம் அவனுடைய கண்காட்சி; எல்லாப் படத்தையும் கொடுத்தவன், இருப்பதிலேயே நல்ல படமான இதை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறானாம். பிழை இருக்கிறதாம். "அந்த ஜன்னலுகளைப் பற்றி மணிக்கணக்கா கதைப்பார். என்னைப் பற்றி ஒரு நாளும் அப்படிக் கதைச்சதில்ல" என்று அவள் கட்டிலைப் பார்த்துச் சொன்னாள்.

கொன்ஸ்ரன்ரைன் அவளை வெள்ளவத்தைக்கு அனுப்பிவைத்தார். பதிவாளர் முன்கூட்டியே வந்தால் பலகாரத்தைக் கொடுத்து உட்காரவைக்க வேண்டும், அப்பா வாயைத் திறந்தால் அதற்குள்ளும் பலகாரத்தைப் போட வேண்டும் என்பது உத்தரவு. அர்பா அந்தப் படத்தைத் தன் போனில் பிடித்துக்கொண்டு திறீவீலை ஆற்றுப் பக்கம் விட்டாள்.

மின்நிலையத்து வாசலில் காவலாளி ஒருவர் கதிரையில் இருந்து பத்திரிகை வாசித்தார். அர்பா அவரை 'அய்யே' என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டுச் சிங்களத்தில் கதை தொடங்கினாள். காலையிலிருந்து ஓர் ஈ கூட உள்ளே போகவில்லை என்று அவர் அடித்துச் சொன்னார். ஆற்றுப் பக்கத்து மதில் இடிந்து கிடப்பதை அவள் காட்டினாள். ஈக்கு அந்த வழி தெரிந்திருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை, எழுத்து, மாமனார் என்று கதை முழுவதையும் கேட்டதும் கதிரையை விட்டு எழுந்து ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவருக்கும் ஒரு மாமனார் இருந்தாராம்.

கூடத்துக்குள் கால் வைத்ததும் அர்பா அண்ணாந்து பார்த்தாள். படத்தில் பார்த்ததை விட அது பெரியதாக இருந்தது. இயந்திரங்களைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். அவை இருந்த மேடைகள் மட்டும் மிச்சம். தலைக்கு மேலே, கூடத்தின் குறுக்கே, இரும்புப் பாரந்தூக்கி ஒன்று தண்டவாளத்தில் அப்படியே நின்றது. நெடிய ஜன்னல்களின் கண்ணாடி பாதி உடைந்திருந்தது. உடையாத பாதிக்குள்ளால் வந்த வெளிச்சத்தில் தூசி ஆறுதலாக மிதந்தது. கரண்ட் காய்ச்சுவதற்கு இவ்வளவு அழகான கூடம் என்னத்துக்கு என்று அவளுக்குத் தோன்றியது. இடிக்கப்போகிறார்கள் என்பது நினைவு வந்ததும் மனதுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. சத்தியத்தை மீறி வந்த மாப்பிள்ளைமேல் இருந்த எரிச்சலில் கொஞ்சம் கரைந்துவிட்டது.

கூடத்தைச் சுற்றி மேலும் கீழுமாக இரும்புக் கதவுகள், எல்லாம் ஒரே அச்சு; படத்தில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் வெள்ளை எழுத்தில் அதே மும்மொழிப் பலகை. அரவில்லாத பலகையைக் கண்டுபிடி பிள்ளை, ஆள் அதற்குப் பின்னால் இருப்பான் என்று கொன்ஸ்ரன்ரைன் கையைத் தேய்த்தார். அர்பா கீழ்த்தளம் முழுக்கச் சுற்றினாள். சுருள் படியால் ஏறி மேல் நடைபாலத்தையும் சுற்றினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சரியில்லை.

"எல்லாத்துலயும் அபாயம்னுதான் ஈக்கி சேர். ஒரு அரவும் குறையல்ல."

கொன்ஸ்ரன்ரைன் நம்பாமல் தானே ஒரு சுற்று போனார். பலகைகள் எல்லாம் இலக்கண சுத்தமாக இருந்தன. கூப்பிட்டுப் பார்த்தார்கள், புறாக்கள் எழுந்து பறந்தன, சுவர்கள் திலக்ஷன் திலக்ஷன் என்று திருப்பிச் சொன்னதே தவிர, ஆள் குரல் இல்லை. காவலாளி முதல் கதவின் கொண்டியைச் சுத்தியலால் அடித்துக் கழற்றினார். அது துருவில் இறுகியிருந்தது. வேர்த்து ஒழுகித் திறந்த பிறகு உள்ளே ஒரு வாளியும் வாளிக்குள் ஒரு பூனையும் இருந்தன. இப்படியே ஒவ்வொன்றாகத் திறந்தால் எழுத்தை அறுபதாம் கலியாணத்தோடு சேர்த்து வைக்கலாம் என்றாள் அர்பா. ஒருவரும் சிரிக்கவில்லை, அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. வெயில் ஜன்னல்களின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. துஷாந்தினி போன் மேல் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். பதிவாளர் கலியாண வீடு ஒன்றை முடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாராம்.

கொன்ஸ்ரன்ரைன் இயந்திர மேடை ஒன்றில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். அவர் அதைப் பகல் வேளையில் பைக்குள் வைத்தால் தோற்றுவிட்டார் என்று பொருள். அர்பாவுக்குப் பயம் வந்தது அப்போதுதான். இந்த மனுஷன் தோற்றால் வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை வாழைமரத்துக்குக் கீழே தனியாக நிற்கப்போகிறாள்.

அவள் போனில் இருந்த படத்தை மறுபடி பார்த்தாள். வெயில் முழுவதும் அந்தப் பலகையில்தான் விழுந்தது. படத்தைப் பார்க்கிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பலகை. அதில் ஒரு பிழை. அந்தப் பிழையைக் கொள்ளுப்பிட்டியில் கொண்டுபோய், தன் பெயருக்கு மேலே தொங்கவிட, மிக்சர் பைக்கற்றைத் திருத்துகிற ஒருவனால் முடியுமா?

நீலச் சுவர். வெள்ளைப் பெயின்ற்.

"சேர், அவர் சும்மா படமெடுக்க வரல்ல. புரூவ் பாக்க வந்தீக்கார்."

கொன்ஸ்ரன்ரைன் நிமிர்ந்தார். அவருக்கு விளங்கும்வரை நிற்க அர்பாவுக்கு நேரமில்லை. இடிக்கிறதுக்கு முதல் ஒருதரமாவது அந்தப் படம் பிழையில்லாமல் வரவேண்டும் என்று பெயின்ற் டின்னோடு வந்து, இல்லாத அரவை மாப்பிள்ளையே எழுதிவிட்டார். தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே அடையாளத்தைத் தானே அழித்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். அர்பா கதவு கதவாக ஓடி, ஒவ்வொரு பலகையிலும் அரவை மட்டும் விரலால் தேய்த்துக்கொண்டு போனாள். துரு ஒட்டியது, தூசி ஒட்டியது, ஒரு பலகையில் புறா எச்சம் ஒட்டியது. மேல் நடைபாலத்தின் கடைசிக் கதவில் விரல் வழுக்கியது. திருப்பிப் பார்த்தாள். நுனியில் வெள்ளை.

காவலாளி கொண்டியை ஒரே தட்டில் எழுப்பினார். உள்ளே பழைய கட்டுப்பாட்டு அறை. சுவர் நிறைய வட்ட வட்டமாக மானிகள், எல்லா முள்ளும் பூச்சியத்தில். அரைவட்ட மேசையின் மேல், முக்காலியைக் கட்டிப்பிடித்தபடி, திலக்ஷன் உட்கார்ந்திருந்தான். அவர்களைக் கண்டதும் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது; தடித்த கதவுக்குள் அவர்கள் கூப்பிட்டதும் அவனுக்குக் கேட்கவில்லை.

கதவு பூட்டுப்பட்ட கதையை அவன் அர்பாவிடம் குசுகுசுத்தே சொன்னான். கதவு சாத்தாமல் இருக்கப் பெயின்ற் டின்னைத்தான் முட்டுக்கொடுத்து வைத்தானாம். அறையைப் படமெடுக்கும்போது அந்த டின் படத்தின் மூலையில் வந்து அசிங்கமாகத் தெரிந்ததாம். ஆகவே அதை எடுத்து உள்ளே வைத்தானாம். ஆற்றுக்காற்று கதவை அடித்துச் சாத்த, வெளிக்கொண்டி விழுந்துவிட்டது. போனில் ஒரு சொல் அடிக்கத்தான் உயிர் இருந்ததாம்.

"நல்ல காலம், அந்தச் சொல்ல யோசிச்சு அனுப்பினீங்க" என்றாள் அர்பா. "அபயம்னு போட்டதாலதான் சேர் இந்த எடத்தப் புடிச்சார்."

திலக்ஷன் அவளை விளங்காமல் பார்த்தான். "அபாயம் எண்டெல்லோ அடிச்சனான்?"

துஷாந்தினி தன் போனுக்கு அனுப்பிவைத்திருந்த அவனுடைய செய்தியை அர்பா எடுத்துக் காட்டினாள். அவன் அதைக் கிட்ட வைத்துப் பார்த்தான், எட்ட வைத்துப் பார்த்தான். நாள் முழுக்க இரும்புக் கதவுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தபோது கூட அந்த முகம் இவ்வளவு வெளிறியிருக்காது.

"தங்கச்சி, இதை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று கெஞ்சினான்.

சுருள் படியின் நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற கொன்ஸ்ரன்ரைன், தான் சொன்னது சரிதானே என்று கீழேயிருந்து சத்தம் போட்டுக் கேட்டார். அர்பாவுக்கு அவர்மேல் அளவில்லாத பாசம் வந்தது. அவர் பைக்குள் வைத்த பூதக்கண்ணாடி திரும்பவும் கையில் இருந்தது.

"சரிதான் சேர்" என்றாள். "ஒரு எழுத்தும் பிசகல்ல."

காலி வீதியில் அந்தத் திறீவீல் அன்று போன மாதிரி அதன் ஆயுளில் போயிருக்காது. வெள்ளவத்தையில் பதிவாளர் மூன்றாவது தட்டுப் பலகாரத்தில் இருந்தார். தயாபரன் வாசலில் நின்றார். மாப்பிள்ளை தலை முழுக்கத் தூசியும் சட்டையில் வெள்ளைப் பெயின்றுமாக இறங்கியதைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். துஷாந்தினி அவர் வாயில் ஒரு லட்டைக் கொடுத்துவிட்டு, திலக்ஷனைத் தரதரவென்று இழுத்துப்போய்க் கதிரையில் உட்காரவைத்தாள். அவனோடு ஒரு சொல் பேசவில்லை. சத்தியத்தை மீறியதற்கு என்ன தண்டனை என்று அவள் இன்னும் தீர்மானிக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. புதுச் சப்பாத்து மட்டக்குளியிலேயே கிடந்தது. அவன் செருப்போடு இருந்தான்.

பதிவாளர் கையைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். அர்பா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் பெயர் சரியாக விழுந்தது. பிறகு அவர் நிறுத்தி நிதானமாகப் பெண்ணின் பெயரை எழுதினார். 'துஷந்தினி.'

திலக்ஷனின் முதுகு நிமிர்ந்ததை அர்பா கண்டாள். அவன் கை மேசையில் இருந்த பேனாவை நோக்கி நகர்ந்தது. பாதி வழியில் நின்றது. அவன் மாமனாரைப் பார்த்தான், துஷாந்தினியின் இறுகிய முகத்தைப் பார்த்தான், தன் சட்டையில் காய்ந்திருந்த பெயின்றையும் பார்த்தான். கையை மடிக்குள் இழுத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டான். தொண்டையில் சத்தம் இருந்திருந்தாலும் அவன் அன்று வாயைத் திறந்திருக்க மாட்டான்.

பதிவாளர் புத்தகத்தைத் திருப்பிக் கையெழுத்துக்கு வைத்தார். துஷாந்தினி குனிந்தாள். வாசித்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஐயா, ஒரு அரவு குறையுது" என்றாள்.

பதிவாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். லட்டு விழுங்கி முடித்திருந்த தயாபரன் குனிந்து பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார், சிரித்துவிட்டார். பதிவாளர் மன்னிப்புக் கேட்டு, அரவுக்கு இடம் தேடி நுழைக்க, ஒரே கலகலப்பாக இருந்தது. கொன்ஸ்ரன்ரைன் அர்பாவின் காதருகே குனிந்து, நல்ல சோடி, இந்தக் குடும்பத்தில் இனி எழுத்துப் பிழையே வராது என்றார். அர்பா ஒரு வடையை முழுதாக வாயில் போட்டு அடைத்துக்கொண்டாள்.

திலக்ஷன் இவற்றில் ஒன்றையும் கவனிக்கவில்லை. அவன் துஷாந்தினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஜன்னல்களை அவன் எப்படிப் பார்த்திருப்பான் என்று அர்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. துஷாந்தினிக்கும் தெரிந்திருக்க வேண்டும். தண்டனையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி, பேனாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.